பின்னுவதற்கு முன்னால் கேளுங்கள்

வணக்கம். குரோஷா, அதாவது நூல் பின்னும் கொக்கி ஊசி பிடித்துப் பழகிய கை சும்மா இருக்காது. டீப்பாய்க்கு விரிப்பு, பேத்திக்குக் கவுன் என்று வீடு நிறையப் பின்னி முடித்த பிறகும் அடுத்து என்ன என்றுதான் தேடும். அப்படிப்பட்டவர்களிடம்தான், பின்னியதைத் தானமாகக் கொடுப்பது பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

2016 ஜனவரி 31 அன்று, மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. 11,148 சதுர மீட்டருக்கும் மேல். அவரவர் வீட்டில் உட்கார்ந்து பின்னிய துண்டுகளைச் சேர்த்து இணைத்தது. சாதனையைவிட எனக்குப் பிடித்தது, அப்புறம் அதையெல்லாம் பிரித்து இல்லாதவர்களுக்குப் போர்வையாகக் கொடுத்தார்களே, அதுதான்.

ஆனால் ஒன்று, தானம் என்றாலே நமக்குக் கம்பளிதான் ஞாபகம் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. மே மாதச் சென்னையில் அக்ரிலிக் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு ஒரு முதியோர் இல்லம் என்ன செய்யும்? முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். அதனால் நூல் வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கேட்டால் நாம் நினைத்தே பார்க்காத பதில்கள் வரும். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளச் செயற்கை மார்பகம் தேவைப்படுகிறது. சிலிக்கோனில் செய்தது விலை அதிகம், கனமும் அதிகம், நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும். அதையே மெல்லிய பருத்தி நூலில் வட்டமாகப் பின்னி, உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு அடைத்துக் கொடுக்கலாம். பின்பக்கம் திறக்கிற மாதிரி விட்டால், பஞ்சைக் கொஞ்சம் எடுத்தோ சேர்த்தோ அவர்களே அளவைச் சரிசெய்துகொள்வார்கள். துவைத்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் சில குழுக்கள் இதை இலவசமாகவே செய்து கொடுக்கின்றன, வெளியே அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நூறு தோரணம் பின்னுவதைவிட இதில் ஒன்று மேல்.

கீமோவில் முடி கொட்டியவர்களுக்குத் தொப்பி பின்னுகிறவர்கள் முடிச்சை உள்பக்கம் விடாதீர்கள், அந்தத் தலைத்தோல் சின்ன உறுத்தலைக்கூடத் தாங்காது.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னும் வழக்கம் 2013இல் டென்மார்க்கில் ஆரம்பித்தது. தொப்புள்கொடி மாதிரி நினைத்துக் குழந்தை அந்தச் சுருள் கால்களைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். மருத்துவ ஆதாரம் இன்னும் போதாது, பல மருத்துவமனைகள் அனுமதிப்பதும் இல்லை. டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும் பின்னுங்கள். முழுப் பருத்தி நூல்தான், பொம்மையின் காலை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கண்ணுக்கு மணி, பட்டன் எதுவும் வேண்டாம், நூலாலேயே தைத்துவிடுங்கள்.

கடைசி வேலை நூல் முனை. வெட்டிவிட்டு அப்படியே விட்டால் இரண்டு தடவை வாஷிங் மெஷினில் போட்டதும் பிரிந்துவிடும். தையல் ஊசியில் கோத்து, முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை திருப்பி நுழைத்துவிட்டு வெட்டுங்கள். அப்புறம் வீட்டிலேயே ஒரு தடவை வெந்நீரில் அலசிப் பாருங்கள். சாயம் போனால் அதைக் கொடுக்க வேண்டாம்.