பிஸ்கட் டின்னுக்குள் ஒரு விலைவாசிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காடி ஒன்று இருக்கிறது. அப்பாவுடையது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிய ரசீதுகளை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். பார்ப்பவர்கள் எல்லாரும், "அப்போ எவ்வளவு மலிவு!" என்கிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்குப் பார்ப்போம். அந்த வருஷம் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு இங்கே சிங்கப்பூரில் 8.57 வெள்ளி. இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு விற்ற சாமான், கப்பல் கூலி இல்லாமலே எட்டரை வெள்ளி. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். நம் வெள்ளி கூடவே இறங்கவில்லை. இன்று பவுண்டு ஏறக்குறைய 1.70 வெள்ளி. அதே சாமான் அங்கே ஐந்து பவுண்டுக்கு ஏறியிருந்தாலும், நாம் கொடுப்பது அதே எட்டரை வெள்ளிதான். அன்று எட்டரை வெள்ளியை வைத்து எத்தனை நாள் சமைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வரி கூடியிருக்கிறது, உண்மை. 1994-இல் 3 சதவீதமாக வந்த பொருள் சேவை வரி 2024-இல் 9 ஆனது.

ஆனாலும் சில ஒரிஜினல் சாமான்களின் விலை மயக்கம் வரவைக்கிறதே, ஏன்? அது பணவீக்கம் இல்லை. அந்தச் சாமானைச் செய்யும் அச்சு (மோல்டு) இன்னும் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் விஷயம். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடியின் முழு உடலையே 1988 முதல் பழைய அச்சுகளை வைத்துத் திரும்பச் செய்தார்கள். மினி காடி 5 மில்லியனுக்கு மேல் விற்றது. அதற்குச் சாமான் செய்ய ஆள் இருக்கிறது. டொயோட்டாகூட 2020-இல் தன் பழைய 2000ஜிடி ஸ்போர்ட்ஸ் காடிக்குப் பாகங்கள் செய்ய ஆரம்பித்தது. அச்சு தொலைந்துபோன ஒரு விளக்குக் கண்ணாடி, பெட்டி பிரிக்காமல் ஒன்றே ஒன்று கிடைத்து, அதற்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால்? அந்த இரண்டு பேரின் ஆசைதான் விலை.

நம் ஊரில் இது இன்னும் கடினம். 1990-இல் சிஓஇ, அதாவது காடி வைத்திருப்பதற்கான பத்து வருஷ உரிமைச் சான்றிதழ், வந்தபிறகு பல காடிகள் பத்து வருஷத்திலேயே உடைக்கப்படுகின்றன, அல்லது கப்பலேறுகின்றன. கழற்றி எடுக்கப் பழைய காடி எங்கே இருக்கிறது? ஜொகூருக்குத்தான் போகிறோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரிஜினல் என்பதற்காகப் பழைய பிரேக் ரப்பர் வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் கெட்டுப்போகும். கிரில், ஹப் கேப் பழையதாக இருக்கட்டும். பிரேக் புதியதாக இருக்க வேண்டும்.

அப்புறம், தாத்தாவின் பழைய காடிச் சாமான் டின் எதுவும் உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தால், பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரைக் கூப்பிடுமுன் பழைய காடி வைத்திருக்கும் யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள். யாரோ ஒருவர் வருஷக்கணக்காகத் தேடும் கண்ணாடி அதில் இருக்கலாம்.