பீட்டில் நிற்கிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் டீக்கடை ஓரமாக, கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள். வேலைக்கு வந்ததற்கு அந்தப் படம்தான் அத்தாட்சி. வாட்ஸ்அப் குழுவில் அது வராவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். நானும் இந்தப் பகுதியில் பல வருஷம் பீட், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் சுற்று, பார்த்தவன்.

கடைக்குள் நுழைந்ததும் ஆப்பில் பதிவு. அப்புறம் அலமாரியைப் படம் எடுக்க வேண்டும். ஆர்டர் கிடைக்காவிட்டால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். நடுநடுவே மேனேஜர் போன்: "எத்தனை பில் போட்டே?" கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் அவர் திரையில் தெரிவது நகராத ஒரு புள்ளி. "ஒரே இடத்துல என்ன பண்றே?" மூடிய கேட்டைப் படம் பிடித்து அனுப்பினால்தான் நம்புவார்.

இதில் முதலில் கெடுவது வியாபாரம்தான். போன வாரம் வந்த டேமேஜ் சரக்கை இன்னும் மாற்றித் தரவில்லை என்று மளிகைக்கடை அண்ணாச்சி ஆரம்பிப்பார். அதை நின்று கேட்டால்தான் அடுத்த ஆர்டர். அதற்குள் போன் அடிக்கும். "முதல்ல அவருக்குப் பதில் சொல்லிட்டு வா தம்பி" என்று அவர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிடுவார். மாதக் கடைசியிலோ டார்கெட்டை முடிக்க, ஓடாத சரக்கை அவர் தலையிலேயே கட்டச் சொல்வார்கள். அடுத்த மாதம் அது அப்படியே திரும்பி வரும்.

மேனேஜரையும் மேலிடம் குடைகிறது, தெரியும். அதற்காகக் குழுவில் எல்லார் முன்னாலும் ஒருவரைத் திட்டுவது நியாயமே இல்லை.

1918இல் பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் போதவில்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. இன்றைக்கு அதே பெரம்பூரில் ஒரு பிரதிநிதி டிபன் பாக்ஸைத் திறந்ததும் போன் வருகிறது.

1976இல் வந்த விற்பனைப் பிரதிநிதிகளுக்கான சட்டம், முதலில் மருந்துத் துறைக்கு, நியமனக் கடிதமும் சம்பளத்தோடு விடுப்பும் தரவேண்டும் என்றது. தம்பி, தங்கைகளே, உங்கள் நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். லீவை எழுத்தில் கேளுங்கள். மேனேஜர்களே, கணக்கைச் சாயங்காலம் ஒரு தடவை கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு பீட்டுக்கு வாருங்கள். அண்ணாச்சி சொல்வதை நீங்களும் நின்று கேளுங்கள். வணக்கம்.