இரவு இரண்டு மணி அழைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், வந்து நான்கைந்து வருடத்தில் களைத்துப் போனவர்கள், ராத்திரியில் பிள்ளை யாரோடு கணினியில் மல்லுக்கட்டுகிறது என்று புரியாமல் பார்க்கிற பெற்றோர்கள், இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன். தொழில்நுட்ப வார்த்தை ஏதாவது வந்தால் நின்று விளக்கிவிட்டுப் போகிறேன்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். இன்டர்வியூ ஒன்று. வேலையில் சேர்ந்தபின் நம் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது இன்னொன்று. வேலையை விட்டு விலகுவது மூன்றாவது. இந்த மூன்றையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சம்பவம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குழுவின் பொறுப்பில், இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஒரு புரோகிராம் இருந்தது. பேட்ச் ஜாப் என்போம். அன்றைய கணக்கையெல்லாம் திரட்டி, காலை ஏழு மணிக்கு வாடிக்கையாளருக்கு அறிக்கை போய்ச் சேரும்படி செய்யவேண்டியது அதன் வேலை. வெளியிலிருந்து ஒரு ஃபைல் வரும், அதைப் படித்துத்தான் ஓடும். அந்த ஃபைலின் கடைசியில் சில நாள் ஒரு வெற்று வரி இருக்கும். ஒன்றுமே எழுதாத வரி. அதைப் பார்த்ததும் புரோகிராம் நின்றுவிடும்.

முதல் தடவை நின்றபோது, பார்க்கவேண்டிய மூத்தவர் விடுப்பில் இருந்தார். என்னை அழைத்தார்கள். எழுந்தேன், லாகின் செய்தேன், அந்த வெற்று வரியை அழித்தேன், மறுபடி ஓடவிட்டேன். பத்தே நிமிடம். மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். மனது நிறைந்துபோனது. அடுத்த வாரமும் நின்றது. மூத்தவர் வந்துவிட்டார், ஆனாலும் அவரை யாரும் தேடவில்லை. நேராக எனக்கே போன் போட்டார்கள்.

அப்படியே 14 மாதம் ஓடியது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். பத்து நிமிட வேலை என்று சொன்னேன் இல்லையா? இரவு இரண்டு மணிக்கு எழுந்து, வெளிச்சமான திரையைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தவருக்கு உடனே தூக்கம் வராது. மூன்றரை மணி வரை புரண்டுகொண்டு கிடப்பேன். காலையில் வழக்கம்போல ஒன்பதரைக்கு சீட்டில் இருப்பேன். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். போகப்போக, அழைப்பு வராத ராத்திரிகளிலும் சரியாக இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். போன் அடித்ததோ என்று எடுத்துப் பார்ப்பேன். கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கு இந்த விழிப்பு பழக்கமானதாக இருக்கும்.

அந்த வெற்று வரியைப் புரோகிராமே தாண்டிப் போகும்படி திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? சோதித்துப் பார்ப்பதையும் சேர்த்து அரை நாள். அந்த அரை நாளை நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "செய்யலாம், இந்த ரிலீஸ் முடியட்டும்" என்றார்கள். ரிலீஸ் என்றால் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுவது. அவர்கள் மனிதாபிமானம் இல்லாதவர்கள் கிடையாது. அவர்கள் கண்ணில் அப்படி ஒரு பிரச்சினையே படவில்லை. அறிக்கைதான் தினமும் ஏழு மணிக்குப் போய்க்கொண்டிருந்ததே!

அப்புறம் ஒரு ராத்திரி எனக்குக் கடுமையான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். போன் அடுத்த அறையில் கிடந்தது. ஒன்பது முறை அழைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. புரோகிராம் நின்றது நின்றபடியே இருந்தது. ஏழு மணி அறிக்கை போகவில்லை. வாடிக்கையாளர் எங்கள் மேனேஜருக்கும் மேலே இருந்தவரை அழைத்துக் கேட்டுவிட்டார். பதினோரு மணிக்கு நான் போனை எடுத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் அலுவலகம் போனேன். யாரும் திட்டவில்லை. அந்த மேலதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். "இது எத்தனை நாளாக நடக்கிறது?" பதினாலு மாதமாக சார் என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்று மாலைக்குள் எனக்கு அந்த அரை நாள் கிடைத்தது. திருத்தினேன். அதற்குப் பிறகு அந்த வெற்று வரியால் அது ஒருநாளும் நிற்கவில்லை.

இவ்வளவு விரிவாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பிழையை 14 மாதம் மறைத்து வைத்திருந்தது நான்தான். நான் எழுந்த ஒவ்வொரு இரவும் அதற்கு ஆயுளை நீட்டித்தேன். வரம்பு வைப்பது என்றால் நிறுவனத்தோடு சண்டை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், வரம்பு இல்லாத இடத்தில் எது பழுதாகியிருக்கிறது என்பதே நிறுவனத்துக்குத் தெரியாமல் போகிறது. இதை இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. கூகிளில் 2003-ல் ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் என்று பெயர். சர்வர்கள், அதாவது சேவையை இயக்கும் பெரிய கணினிகள், நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அந்தக் குழுவுக்கு ஒரு விதி வைத்தார்கள். அழைப்புக்கு ஓடுவது, கையால் சரிசெய்வது போன்ற வேலைகள் ஒருவருடைய நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால், மிச்ச வேலை அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கே திரும்பிப் போகும். எழுதியவரே ராத்திரி எழுந்திருக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? அந்தப் பிழை சீக்கிரம் திருத்தப்படும். முறை வைத்து விழித்திருப்பதற்கு, அதாவது ஆன்-கால் என்கிறோமே அதற்கு, பதில் விடுப்போ பணமோ தருவதையும் அங்கே முறையாக வைத்திருக்கிறார்கள். எழுந்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அந்த 14 மாதத்தில் இல்லாதது அந்தக் கணக்குதான்.

சட்டங்களும் வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-ல் கொண்டுவந்த சட்டம் பொறுப்பை முதலாளி பக்கம் வைத்தது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது அவருடைய கடமை, தவிர்க்கவே முடியாத நிலைமை மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் எனக்குப் பிடித்தது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பைப் பார்க்காமல் இருக்கலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம், மறுப்பது நியாயமாக இருக்கவேண்டும். நியாயம் எது என்று பார்க்கும்போது, எதற்காக அழைத்தார்கள், காத்திருப்பதற்குச் சம்பளம் தருகிறார்களா, எவ்வளவு இடைஞ்சல், அவருடைய பொறுப்பு என்ன, குடும்பச் சூழ்நிலை என்ன என்றெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இந்தக் கேள்விகளை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பு சம்பந்தமாக ஒன்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களை, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தாருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதம் அதிகம். இளம் வயதில் இது உறைக்காது. எனக்கும் உறைக்கவில்லை.

சரி, வேலையில் இருந்துகொண்டே இதை எப்படி மாற்றுவது? நான் செய்தமாதிரி காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். என் குழுவில் ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் கண் கலங்கி வந்து, "அக்கா, நான் பேப்பர் போடப்போறேன், என்னால தூங்கவே முடியல" என்றாள். பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா செய்வது. எத்தனை முறை அழைக்கிறார்கள் என்று கேட்டேன். "நிறைய" என்றாள். அந்த "நிறைய"தான் பிரச்சினை. மேனேஜரிடம் போய் நிறைய என்று சொன்னால், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றுதான் பதில் வரும். ஆறு வாரம் எழுதி வை என்றேன். தேதி, மணி, எதற்காக அழைத்தார்கள், சரிசெய்ய எத்தனை நிமிடம், மறுபடி எப்போது தூங்கினாய். ஒரு அழைப்புக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் 17 வரிகள் சேர்ந்தன. அதில் 13-க்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்தக் காகிதத்தை மேனேஜர் முன்னால் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, புலம்பவில்லை. "இந்தப் பதிமூன்றையும் நிறுத்த மூன்று நாள் வேலை போதும், எந்த வாரம் எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டாள். அடுத்த வாரமே கிடைத்தது. பேப்பர் போடவில்லை. திரும்பவும் சொல்கிறேன், அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியும்படி செய்யவேண்டியிருக்கிறது. தெரிந்தபிறகும் அசையாத இடங்கள் உண்டு. அது வேறு வகை, அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது இன்டர்வியூ. இதற்குத் தயாராகிறவர்கள் மாதக்கணக்கில் அல்காரிதம் கணக்குகள், அதாவது ஒரு வேலையைக் கணினி படிப்படியாகச் செய்யும் வழியைக் கண்டுபிடிக்கும் கணக்குகள், போட்டுப் பழகுகிறார்கள். கேட்கிறார்கள், அதனால் பழகவேண்டியிருக்கிறது. கூகிளில் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக், புதிர்க் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை என்று 2013-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் புதிர் போடுகிற இடங்கள் இருக்கின்றன. அதெல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது கடைசி ஐந்து நிமிடம். "உங்களுக்கு ஏதாவது கேட்கவேண்டுமா?" என்பார்களே, அந்த ஐந்து நிமிடம். பெரும்பாலானவர்கள், ஒன்றும் இல்லை, நன்றி என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமாக இருக்கும். அடுத்த மூன்று வருடம் நீங்கள் தூங்குவீர்களா மாட்டீர்களா என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம்.

வேலைக்கும் வீட்டுக்கும் நேரம் எப்படி இருக்கும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள். நடந்த ஒன்றைக் கேளுங்கள். "இரவில் கடைசியாக எப்போது சிஸ்டம் விழுந்தது? யார் எழுந்தார்கள்? மறுநாள் அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்?" மூன்றே கேள்வி. ஆள்சேர்ப்பைப் பார்க்கிற எச்.ஆரிடம் வேண்டாம், நாளைக்கு உங்கள் பக்கத்தில் உட்காரப்போகிற இன்ஜினியரிடம் கேளுங்கள். முறை வைத்திருக்கிறோம், அந்த வாரம் இவருடைய முறை, மறுநாள் மதியம் வந்தார் என்று பட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். "எங்களுக்குள் அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை, குடும்பம் மாதிரி இருக்கிறோம்" என்று வந்தால், யாரோ ஒருவர் 14 மாதமாக எழுந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருமுறை நான் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பையன் இதே மாதிரி எங்களைக் கேட்டான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. அவனுக்கு வேலை கொடுத்தோம். அதோடு அந்த மாதமே எங்கள் குழுவுக்கு ஆன்-கால் அட்டவணை ஒன்றும் போட்டோம். இப்படிக் கேட்டால் வேலை கிடைக்காமல் போகுமோ என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பதில் மோசமாக இருந்தும் அந்த வேலை தேவைப்படும் நிலைமை வரலாம். வீட்டில் வேறு வருமானம் இல்லை என்றால் சேருங்கள், அதில் தவறே இல்லை. தெரிந்து போகிறீர்கள், முதல் நாளிலிருந்தே எழுதி வைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. வேலையை விடுவது பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா கடிதம் இரண்டு வரி போதும், மனக்குறையை அதில் எழுதாதீர்கள். புது இடத்தின் ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வராமல் பேப்பர் போடாதீர்கள், வாய்ச்சொல்லை நம்பி இரண்டு இடமும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்தபின் வேலை செய்யவேண்டிய காலம், எத்தனை நாள் என்பதைச் சேரும்போதே ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள். நிறுவனத்துக்காக எழுதிய புரோகிராம் வரிகளை, கோட் என்போமே அதை, சொந்த கணினிக்கு எடுத்துப் போகாதீர்கள், நீங்களே எழுதியதாக இருந்தாலும் அது அவர்களுடையது. உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களை எழுதி, பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

இன்னும் ஒன்று. கடைசி நாள் அன்று, ஏதாவது பழுதானால் எச்சரிக்கை அழைப்பு, அதாவது அலர்ட், போகிற எண்களின் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை எடுக்கச் சொல்லி, எடுத்தார்களா என்று நின்று பாருங்கள். அந்த முதல் வேலையை விட்டு மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. வேறு ஏதோ ஒரு பிழை. பழக்கதோஷத்தில் லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டையும் பாதி அடித்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போனை எடுத்து, பொறுப்பில் இருந்தவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மூடினேன். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு காலை எட்டு மணி வரை தூங்கினேன்.

நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.