ஒரே கடை, வேறு வேறு சாப்பாடு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, "இங்கே எந்தக் கடையில பிரியாணி நல்லா இருக்கும்?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் நாலு கடையைச் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒருவர் சொன்ன கடைப் பெயரைக் கேட்டதும் அடுத்தவர், "அங்கேயா? போயிடாதீங்க" என்பார். எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நாக்குக்கு நாக்கு ருசி மாறும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் உண்மைதான், அதற்கு வருகிறேன். ஆனால் இந்தச் சண்டைகளில் பாதி, நாக்குவரை போகவே தேவையில்லை என்பது என் எண்ணம். இருவரும் ஒரே கடையில் சாப்பிட்டிருப்பார்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பிரியாணி அண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கறியும் மசாலாவும் அடியை நோக்கித் தங்கும். பரிமாறத் தெரிந்தவர் நடுவில் கரண்டியை விட்டுக் கிளற மாட்டார். ஓரமாகத் தட்டைச் சொருகி, அடிவரை இறக்கி, மேல் சோறும் அடிச்சோறும் சேர்ந்து வரும்படி எடுப்பார். சீரகச் சம்பா பொடி அரிசி. கை அழுத்தினால் உடைந்துவிடும். பார்சலுக்கு வாசல்வரை ஆள் நிற்கும்போது இந்த நிதானம் எங்கே இருக்கும்? மேலாக அள்ளிய தட்டு ஒருவருக்குப் போகும், அடிமசாலா இன்னொருவருக்குப் போகும். 12.30 மணிக்குத் தம் உடைத்ததும் உட்கார்ந்தவருக்குச் சோறு உதிரியாக, வாசமாக இருக்கும். அதே அண்டா தணலில் 3 மணிவரை இருந்தால் மேலே காய்ந்து, கீழே குழைந்து போயிருக்கும். இருவரும் கொடுப்பது ஒரே விலை. ஒருவர் ஆகா என்கிறார், இன்னொருவர் காசு தண்டம் என்கிறார். இரண்டும் சரி.

தோசையும் அப்படித்தான். காலையில் எடுத்த மாவு இரவு 10 மணிக்குள் இன்னும் புளித்திருக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். சாம்பார் நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும். கூட்டம் வந்தால் அதில் வெந்நீர் விழும். விழுந்தால் உப்பும் புளியும் இறங்கும். மறுபடி சரிக்கட்ட வேண்டியது மாஸ்டரின் வேலை.

மாஸ்டர் என்றதும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை அதே, மேசை அதே, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கூட அதே ஆள். உள்ளே சரக்கு மாஸ்டர் மாறியிருப்பார். நம்முடைய பெரும்பாலான சின்ன ஓட்டல்களில் அளவு எழுதி வைத்த தாள் கிடையாது. எல்லாம் அவர் கை அளவு. அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டால் கைப்பக்குவமும் கூடவே பஸ் ஏறிவிடும். பழைய வாடிக்கையாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். உள்ளே நுழையும்போதே கல்லில் நிற்பது யார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பரோட்டாவா இட்லியா என்று முடிவு செய்வார்கள்.

சரி, இப்போது நாக்குக்கு வருவோம். 1931இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் குப்பியில் கொட்டிக்கொண்டிருந்தார். பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட்டார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரும் எடுத்து நாக்கில் வைத்தே பார்த்தார்கள். ஒருவருக்குக் கடுங்கசப்பு, இவருக்கு வெறும் தூள். இந்த வேறுபாடு குடும்பவழி வருகிறது என்று பின்னால் தெரிந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2003இல் அடையாளம் கண்டார்கள். முட்டைக்கோஸ் வகைக் காய்களின் கசப்பும் இந்த மரபணுவோடு தொடர்புடையது. ஆக, ஒரே பந்தியில் ஒரே கோஸ் பொரியலை உண்ணும் அண்ணனும் தம்பியும் வேறு வேறு ருசியை உணர முடியும். "இதுல என்ன கசப்பு இருக்கு?" என்று தம்பியை அதட்டுவதில் நியாயமே இல்லை.

காரம் இன்னும் விசேஷம். மிளகாயின் காரம் ஒரு சுவையே அல்ல, அது எரிச்சல். சூட்டை உணரும் அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. இதை 1997இல் கண்டறிந்தது டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு. அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தினமும் காரம் சாப்பிடுகிறவருக்கு அந்த எரிச்சல் மழுங்கிப்போகும். அதனால்தான் ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப்பொடியும் கோங்குரா பச்சடியும் போட்டுக்கொண்டு ஒருவர் சாவகாசமாகப் பிசைகிறார், எதிரில் இருப்பவர் தண்ணீர் செம்பைத் தேடுகிறார்.

மூக்கடைத்திருந்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். கொரோனா வந்துபோனவர்களில் பலருக்கு ரசம்கூட வெறும் வெந்நீராகத்தான் தெரிந்தது. பசியும் அப்படி ஒரு காரணம். நாலு மணி நேரம் பயணம் செய்து வந்தவருக்குச் சாலையோரத்து எம்ப்டி சால்னாவே விருந்து.

பழக்கம் இவை எல்லாவற்றையும்விடப் பலமானது என்று நினைக்கிறேன். பெங்களூருக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் முதலில் சொல்லும் குறை, "சாம்பார்ல வெல்லத்தைப் போட்டுட்டான்." அங்குள்ளவர்களுக்கு அந்த இனிப்புத்தான் சாம்பாரின் லட்சணம். அது இல்லாத நம் சாம்பார் அவர்களுக்கு வெறும் புளிப்பு. இதில் எந்தச் சமையல்காரரையும் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் அம்மா கையால் எதை ஊற்றிச் சாப்பிட்டோமோ அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் எடை போடுகிறோம்.

கண்ணும் நம்மை இழுத்துப்போகும். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு அது. படித்துப் பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால், "அந்தக் கடையா, பிரமாதம்" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற நமக்கு எப்படி இருக்கும்?

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஒரு கடையைப் பற்றிச் செல்போனில் நட்சத்திரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்று ரொம்பச் சந்தோஷத்தில் இருப்பார்கள், இல்லையென்றால் கோபத்தில் இருப்பார்கள். பத்து வருடமாகத் தினமும் வந்து ரெண்டு இட்லி ஒரு வடை சாப்பிட்டுப் போகிறவர் எதுவும் எழுதுவதில்லை. அதனால் கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு சின்ன மெஸ்ஸின் பெயர், ஒரு மழை நாளில் மாவு சரியாகப் பொங்காததற்காகக் கெட்டுப்போகிறது. "வேஸ்ட்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அவர்களால் எதைத் திருத்த முடியும்? எந்த வேளை, என்ன பலகாரம், என்ன குறை என்று எழுதினால் அடுப்படியில் இருப்பவருக்கு உதவும். படிக்கிற நமக்கும் அது நம் நாக்குக்கு ஒத்துவருமா என்று தெரியும்.

அந்த ரெண்டு இட்லிக்காரர் எழுத மாட்டாரே தவிர, சொல்வார். கை கழுவிவிட்டுக் கல்லாவில் காசு கொடுக்கும்போது, "இன்னைக்குச் சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூட" என்பார். முதலாளி உள்ளே குரல் கொடுப்பார். மாஸ்டர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார், வேகவைத்த பருப்பில் ரெண்டு கரண்டி கடைந்து ஊற்றுவார், ஒரு கொதி விடுவார். ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு அது வேறு சாம்பார்.

நன்றி, வணக்கம்.