வண்டியில் கேமரா, படத்தில் நடுக்கம்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்திலும் மேலூர் ரோட்டிலும் பைக்கில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டிக்கொண்டு போகிற இளவட்டங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால் யானைமலையின் முதுகு நெளிகிறது, கரண்டுக் கம்பங்கள் வளைந்து ஆடுகின்றன. உடனே இதைவிட விலை கூடின கேமராவை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கேமராவில் இல்லை, அதை மாட்டிய இடத்தில்தான்.

இந்தக் கேமராக்களின் சென்சார் முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை, வரிவரியாக வாசிக்கிறது. அதற்குள் கேமரா அசைந்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் விழும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 50 தடவை அதிர்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியில் இது தூக்கலாகவே இருக்கும். புல்லட்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன், அதாவது ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற வசதி, பள்ளம் மேட்டுக் குலுக்கலைச் சமாளித்துவிடும். இந்தப் பொடி அதிர்வுதான் அதற்குப் பிடிபடாது. பொழுது சாய்ந்தால் ஷட்டர் வேகம் குறையும், அதாவது ஒவ்வொரு படத்தையும் பிடிக்கக் கூடுதல் நேரமாகும்; அதற்குள் அதிர்வில் படம் கலங்கலாகவே பதிவாகும். அதை எந்த வசதியாலும் துடைக்க முடியாது.

சரி, எங்கே மாட்டுவது? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரின் கடைசியில் விரல் கூசும். நடுவில், ஹேண்டில்பாரை வண்டியோடு பிடித்திருக்கிற கிளாம்ப் பக்கத்தில், அவ்வளவு இருக்காது. கிராஷ் கார்டு பார்க்கத்தான் தோது, ஆனால் அது இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம் ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கிக்கொண்டே சைடு மிரரைப் பாருங்கள். ஏதோ ஒரு வேகத்தில் மிரரில் தெரிகிற உருவம் மொத்தமாகக் கலங்கும், தாண்டினால் தெளியும். படம் எடுக்கும்போது அந்தச் சுற்று வராதபடி கியரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் ஹெல்மெட்டின் தாடைப் பக்கம்தான் நல்ல இடம். இன்ஜின் அதிர்வை நம் இடுப்பும் கழுத்துமே பாதி வாங்கிக்கொள்கின்றன.

வண்டியில்தான் வேண்டும் என்றால், கேமராவைத் தாங்குகிற மவுண்டின் கை நீளமாக வேண்டாம். இரண்டு மூன்று மூட்டு போட்டு நீட்டினால் தூண்டில் கம்பு மாதிரி நுனிதான் ஆடும். ஒரே மூட்டு போதும், திருகை நன்றாக இறுக்குங்கள். மவுண்டின் கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு வைத்தால் வழுக்காது, பொடி அதிர்வும் கொஞ்சம் அடங்கும். அதற்காகத் தடித்த ஸ்பாஞ்சைத் திணிக்காதீர்கள். கேமரா எடை குறைவு, மெத்தென்ற இடத்தில் இன்னும் கூடுதலாகத் துள்ளும்.

செல்போனை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவின் செயல்திறனைக் குறைக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அந்தக் கேமராவுக்குள் அசைகிற நுண்ணிய பாகங்கள்தான் பாதிக்கப்படலாம்.

ஒட்டுகிற மவுண்ட் என்றால், வெயிலில் கொதிக்கிற டேங்க்கில் ஒட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து ஒட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். வண்டியில் எப்படி மாட்டினாலும் கேமராவை நைலான் கயிற்றால் வண்டியோடு ஒரு கட்டு கட்டிவிடுங்கள். கழன்றாலும் பின்னால் வருகிறவர் மேல் விழாது.

நன்றி, வணக்கம்.