மளிகைக் கடைக் கடுகை விதைத்து எண்ணெய் ஆட்டலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றிப் பேசிய பிறகு கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். மூன்று நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

உடுமலைப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: "ஐயா, திருப்பூரில் வேலை செய்யும் வடமாநிலத்தவர்கள் கடுகு எண்ணெய் ஆட்டித் தருவீர்களா என்று கேட்டு வருகிறார்கள். எனக்குக் கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் இருக்கிறது. மளிகைக் கடைக் கடுகையே வாங்கி விதைத்து, நானே விளைவித்து ஆட்டினால் என்ன? கனோலா எண்ணெய் என்று விற்கிறார்களே, அதுவும் கடுகு எண்ணெய்தானா?"

முதலில் முளைக்குமா என்பதைச் சொல்லிவிடுகிறேன். முளைக்கும். பூக்கும், காய்க்கவும் செய்யும். என் வீட்டில் சாமான் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சிந்திய கடுகே முளைத்துப் பூத்திருக்கிறது. ஆனால் தாளிக்கக் கைப்பிடி எடுப்பதும் செக்குக்கு மூட்டை கட்டுவதும் ஒன்றல்ல.

பழைய நேயர்களுக்கு நான் இப்போது என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். எள்ளுக்குச் சொன்னேன், சூரியகாந்திக்கும் சொன்னேன். எண்ணெய் வித்துக்கு முதல் உரம் தேதி. மூட்டையில் வாங்க முடியாத உரம் அது ஒன்றுதான்.

கடுகு கேட்கும் காலக்கணக்கைப் பாருங்கள். அக்டோபரில் விதைக்க வேண்டும். அப்போது முளைக்கும் அளவுக்கு வெயிலும் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பூத்துக் காய் பிடிக்கும்போது நல்ல குளிர் வேண்டும். வானம் தெளிவாக இருக்க வேண்டும், மழை அதிகம் கூடாது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ அறுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிற ஊர்கள் ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், அந்தப் பக்கம் அரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசத்தின் வடபகுதி. இந்தியாவில் விளையும் கடுகில் ஏறக்குறைய பாதி ராஜஸ்தானில் விளைகிறது. அங்கே பல விவசாயிகள் மழைக்காலத்தில் நிலத்தைச் சும்மா போட்டு, ஈரத்தை மண்ணுக்குள் சேமித்து, அந்த ஈரத்தில் கடுகை விதைக்கிறார்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் ஒன்றிரண்டு தண்ணீரிலேயே பயிர் கரையேறிவிடும்.

நம் அக்டோபர் எப்படி இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை. கடுகு விதையை ஆழமாகப் புதைக்க முடியாது, மண்ணில் மேலாகத்தான் போட முடியும். நல்ல மழை ஒன்று பெய்து மண் இறுகினால் முளை மேலே வராது. சரி, மழை முடியட்டும் என்று டிசம்பரில் விதைத்தால் காய் முற்றுகிற நேரத்தில் பிப்ரவரி, மார்ச் வெயில் வந்து நிற்கும். பூ உதிரும், விதை சுருங்கும், விதைக்குள் எண்ணெய் குறையும். உங்கள் கிணறு தண்ணீர் தரும் தம்பி, குளிரை எங்கிருந்து தரும்?

இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். ஆனால் புரிந்தது பரத்பூரில்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே சேவர் என்னும் இடத்தில் உள்ள கடுகு ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பிப்ரவரி மாதம். வழியில் ஒரு பெரியவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார். கால் மணி நேரத்தில் என் கண், மூக்கு, சட்டைக் காலர் எங்கும் பொடிப் பூச்சிகள். "மோயலா, மோயலா" என்று சொல்லிச் சிரித்தார். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடுகு முற்றும் நேரத்தில் இறக்கை முளைத்த அசுவினி கிளம்பி, பைக்கில் போகிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. பிறகு அவர் தன் வயலையும் தம்பியின் வயலையும் காட்டினார். நடுவில் ஒரே வரப்பு. விதையும் ஒன்று, உரமும் ஒன்று. தம்பி ஏதோ கல்யாண வேலையில் மூன்று வாரம் தாமதமாக விதைத்திருந்தார். அண்ணன் வயலில் காய் விறைத்து நின்றது. தம்பி வயலில் பூங்கொத்து முழுக்க அசுவினி அப்பிக்கொண்டு, தேன் கொட்டியதுபோலப் பிசுபிசுத்தது. அசுவினி பெருகும் நேரத்துக்கு முன்னவர் பயிர் முற்றித் தப்பித்துவிட்டது, பின்னவர் பயிர் இளசாக மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று வாரம். நான் தேதி, தேதி என்று கத்துவது இதனால்தான்.

சரி, கடைக் கடுகுக்கு வருகிறேன். அது எந்த ரகம், எத்தனை நாள் பயிர், எத்தனை வயல் விதைகள் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே நேரத்தில் பூக்காது, ஒரே நேரத்தில் முற்றாது. கடுகில் முக்கால் பங்கு காய் மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும், விட்டால் காய் வெடித்து விதை தரையில் கொட்டும். கலப்பு விதையில் எந்த முக்கால் பங்கை எண்ணுவீர்கள்?

விதையளவு பற்றி ஒரு சின்னக் கணக்கு, எனக்கு மிகவும் பிடித்தது. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். ஆயிரம் விதை சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், 2 கிலோவில் 4 லட்சம் விதை இருக்கிறது. வரிசைக்கு ஒரு அடி, செடிக்கு அரை அடி என்று விட்டால் ஒரு ஏக்கரில் 87 ஆயிரம் செடிதான் நிற்கும். மீதியை என்ன செய்வது? விதைத்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் செடி கலைக்க வேண்டும். பாசத்தில் கலைக்காமல் விடுகிறவர்கள் வயலில் கடுகு நூல் நூலாக நெட்டி வளர்ந்து, கிளை வைக்காமல் நிற்கும். பிடுங்கிய செடி வீணாகாது, கீரையாகக் கடைந்து சாப்பிடலாம்.

உரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கந்தகம். நிலக்கடலைக்குச் சொன்ன அதே ஜிப்சத்தில் கந்தகம் இருப்பதால் அது இங்கேயும் உதவும். கடுகின் காரமே கந்தகம் சேர்ந்த பொருளில் இருந்துதான் வருகிறது.

காரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்கிறோம். நாம் தாளிக்கிற கடுகில் காரம் எங்கே இருக்கிறது? மென்று பாருங்கள், இருக்காது. ஏனென்றால் முழு விதைக்குள் காரம் இல்லை. காரமாகப்போகிற பொருள் ஓர் அறையில், அதைக் காரமாக்கும் நொதி இன்னோர் அறையில். விதை உடைந்து, ஈரம் பட்டு, இரண்டும் கலந்தால்தான் மூக்கைத் துளைக்கும். சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் கடுகை அரைத்துப் போடும் ஆந்திர ஆவக்காயில் காரம் ஏறுகிறது, நம் சாம்பாரில் ஏறவில்லை. செக்குக்காரருக்கு இது முக்கியம். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவீர்கள். கடுகு ஆட்டும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், செக்கைச் சூடேற விடக்கூடாது. அப்போதுதான் உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்கிற அந்தக் கண்ணெரிச்சல் வரும்.

கனோலா. இதற்கு 8, 9, 10 என்று மூன்று எண்களை நினைவில் வையுங்கள். மரபுக் குணங்களைச் சுமக்கும் இழையான குரோமோசோம் கருங்கடுகுக்கு 8 ஜோடி, முட்டைக்கோசுக்கு 9, டர்னிப்புக்கு 10. பத்தும் எட்டும் சேர்ந்த பிள்ளைதான் வடநாட்டில் எண்ணெய்க்கு விதைக்கும் கடுகு, 18. பத்தும் ஒன்பதும் சேர்ந்தது ரேப்சீட் என்கிற இன்னொரு பயிர், 19. இந்த உறவுமுறையை 1935இல் வூ ஜாங்-சுன் என்ற கொரிய வம்சாவளி அறிஞர் ஜப்பானில் இருந்துகொண்டு விளக்கினார். ரேப்சீட் எண்ணெய் ஈர உலோகத்தில் நன்றாக ஒட்டும் என்பதால், இரண்டாம் உலகப் போரில் கப்பல்களின் நீராவி எஞ்சினுக்கு மசகாகப் போட்டார்கள். அதற்காகக் கனடாவில் பெருமளவில் பயிரிட்டார்கள். போர் முடிந்ததும் கேட்க ஆளில்லை. அதில் எரூசிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலத்தையும், காரம் தரும் பொருளையும் குறைத்து, சமையலுக்கு ஏற்றதாக மாற்றி, 1978இல் கனோலா என்று பெயரிட்டார்கள். கனோலா எண்ணெயில் எரூசிக் அமிலம் 2 சதவீதத்துக்கும் குறைவு, நம் நாட்டு வழக்கமான கடுகு எண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். ஆக, பங்காளிகள்தான், ஒரே ஆள் இல்லை. உங்கள் வாடிக்கையாளரிடம் கனோலாவைக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பணக் கணக்கும் பார்த்துவிடுவோம். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 14 குவிண்டால் அளவில் இருக்கிறது. 2 ஏக்கருக்குச் சுமார் 11 குவிண்டால். அதுவும் குளிர் உள்ள ஊரில். 2025-26 சந்தைப் பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,950 ரூபாய். அந்த 2 ஏக்கரில் நிலக்கடலை போடுங்கள். கடுகை மூட்டையாக வாங்கி ஆட்டுங்கள். வரப்போரம் நான்கு வரிசை ஆசைக்குப் போடுங்கள், தேனீ வரும். முட்டைக்கோசு வைத்திருந்தால் அதைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சியைக் கடுகு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஆனால் தம்பி, விதைக்கலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வாங்குகிற மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை. நம் புறம்போக்கில், சாலையோரத்தில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக பிரம்மதண்டு நிற்கிறதே, அதன் விதை பார்க்கக் கடுகைப்போலவே இருக்கும். அந்த எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 1998இல் டெல்லியில் கால் வீங்கி, இதயம் பாதித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ச்சினாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. இன்னொன்று, கடுகு எண்ணெயில் வேறு எந்தச் சமையல் எண்ணெயையும் கலந்து விற்பதை 2021 ஜூன் 8 முதல் தடை செய்திருக்கிறார்கள். அதனால் கடலை எண்ணெய் ஆட்டிய செக்கை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கடுகைப் போட வேண்டும்.

மூட்டை வந்ததும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு பிடி எடுங்கள். வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். கடுகின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக, இன்னும் கறுப்பாக இருக்கும். சந்தேகப்படுகிற விதையை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே மஞ்சள் என்றால் கடுகு, வெள்ளை என்றால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.