ஊசி தொடாம ரெக்கார்டு பாடுமா? லேசர் டர்ன்டேபிள் கதை

மக்களே வணக்கம், களியக்காவிளைல இருந்து பேசுதேன், பின்னாடி லாரி ஹார்ன் கேக்கும், பார்டர் ரோடுல்லா, கண்டுக்கிடாதீங்க.

இந்த ரெக்கார்டு தட்ட பாருங்க. பழைய மைக்செட் கடைல கிடந்தது, இந்தப் பக்கம் அம்மன் கொடைக்கும் பாறசாலைப் பக்கம் கல்யாணத்துக்கும் ஒரே பொட்டிதான் போகும், தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். வெளிச்சத்துல சாச்சு காட்டுதேன், கறுப்பா மின்னணும், இது சாம்பல் பூத்து கெடக்கு பாத்தியளா, அம்புட்டும் ஊசி தேய்ச்சதாக்கும். ஊசி துள்ளக்கூடாதுன்னு ஹெட்டு மேல நாலணா காச வச்சு ஓட்டுவாங்க, அந்த காசே ரெண்டரை கிராம், இப்ப உள்ள நல்ல ஊசியோ மொத்தமா ஒன்றரை ரெண்டு கிராம் பாரத்துலதான் உக்காருது.

அதான் லேசர் பக்கம் போனேன், ஊசிக்குப் பதிலா லேசர் வெளிச்சத்தால ரெக்கார்ட படிக்க மிஷினு. 1981ல அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டில ராபர்ட் ரீஸ்னு ஒருத்தர் இத தீசிஸா எழுதுனாரு, 1983ல ஃபினியல்னு கம்பெனி ஆரம்பிச்சு 1986ல லாஸ் வேகாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஷோல காட்டுனாங்க, ஆனா அதுக்குள்ள சிடி வந்து மார்க்கெட்ட அள்ளிட்டு, கடைசில ஜப்பான்காரங்க வாங்கி இஎல்பிங்கிற பேர்ல வித்தாங்க. மொத்தம் அஞ்சு லேசர், ரெண்டு லேசர், பாட்டு பதிஞ்ச பள்ளம் இருக்குல்லா, அந்த வரிய விட்டு விலகாம பாத்துக்கிடும், ரெண்டு லெஃப்ட் ரைட் சத்தத்த எடுக்கும், ஒண்ணு தட்டு வளைஞ்சிருந்தா உயரத்த சரி பண்ணும். சிடி மாதிரி டிஜிட்டல்னு நெனைக்காதீங்க, முழுசும் அனலாக். நமக்கு வேண்டிய விஷயம் என்னன்னா, ஊசி தேய்ச்சது பள்ளத்துக்குள்ள கீழ்ப்பக்கம், லேசர் படிக்கது அதுக்கும் மேல உள்ள செவுரு, அங்க தேய்மானம் கம்மி.

கேக்க சூப்பரா இருக்குல்லா? ஆனா தூசி இருக்கே தூசி! ஊசின்னா வழில கெடக்கத தள்ளிட்டு போவும், லேசருக்கு தூசியும் பாட்டுதான், பொரிச்சு தள்ளிரும். தண்ணி போட்டு கழுவி உறிஞ்சி எடுக்காம போடவே முடியாது. இன்னொண்ணு, கறுப்பு தட்டுதான் பாடும், கலர் தட்டு, கண்ணாடி மாதிரி தட்டுல வெளிச்சம் சரியா திரும்பாது. வெலையோ லட்சக்கணக்குல. நம்ம மாதிரி ஆளுக்கு இது வேண்டாம், நான் சொல்லுதேன், அந்த காசுல நல்ல ஊசியும் தட்டு கழுவுற மிஷினும் வாங்கிட்டு மிச்சத்துல வீடே பெயிண்ட் அடிச்சுக்கிடலாம்.

பொட்டிப்போன அரக்கு தட்டுக்குத்தான் வெளிச்சம் நெசமாவே உதவும். அமெரிக்கால பெர்க்லி லேப்ல கார்ல் ஹேபர் குரூப்பு ஐரீன்னு ஒண்ணு செஞ்சிருக்காங்க, அது லேசர் பிளேயர் இல்ல, கேமராவால வரிய படம் எடுத்து கம்ப்யூட்டர்ல சத்தமா மாத்துது, அதனால துண்டா கெடந்தாலும் பரவால்ல. 1860ல பாரீஸ்ல புகைக்கரி பேப்பர்ல கீறி வச்ச ஒரு பாட்ட 2008ல கேக்க வச்சதும் அவங்க உதவியோடதான்.

அதனால வீட்டு பரண்ல ஒடைஞ்ச தட்டு இருந்தா ஃபெவிக்விக் போட்டு ஒட்டிராதீங்க கேட்டியளா, பசை வரிக்குள்ள எறங்கிட்டா எந்த வெளிச்சமும் படிக்காது, துண்டுகள தனித்தனியா துணில சுத்தி வைங்க. அடுத்த வீடியோல இந்த சாம்பல் தட்ட கழுவி போட்டு காட்டுதேன்.